மலையைப் பார்த்து வாங்கிய சத்தியம்

அடி அண்ணாமலை,
புதன்கிழமை காலை.

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நான் கேட்கப் போவதில்லை. கேட்டால், "சூப்பரா இருக்கேம்மா" என்பாய். நேற்று போனிலும் அதையேதான் சொன்னாய். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. என் கோபத்தைப் போனில் காட்டினால், சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை.

இதைக் கொண்டுவந்திருப்பவர் நம் தெரு சின்னசாமி. கோத்தகிரிக்குக் கேரட் ஏற்ற வருகிறவரிடம், உன் சைக்கிள் கேம்ப் வாசலில் வேனை நிறுத்தி உன் கையில் கொடுக்கச் சொன்னேன். நீ படித்து முடிக்கும்வரை அவர் நகரமாட்டார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடு. பிறகு உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல மனம் இருக்காது. வேர்க்கடலை பிடுங்கியாயிற்று. ஓரத்து வரிசைகளைக் காட்டுப்பன்றி தோண்டிவிட்டது, மற்றபடி குறையில்லை. இந்த மாதப் பௌர்ணமிக்கு வழக்கத்தைவிடக் கூட்டம் ஜாஸ்தி. யாரோ ஒரு குடும்பம் நம் வாசலை மறித்துக் காரை நிறுத்திவிட்டுக் கிரிவலம் போய்விட்டது. அவர்கள் திரும்பி வரும்வரை மாட்டைக்கூட வெளியே ஓட்ட முடியவில்லை. பக்கத்து வீட்டுக் காசியம்மாள் சுண்டல் விற்றாள், நன்றாகப் போயிற்று என்றாள்.

இனி விஷயம்.

திங்கட்கிழமை மாலை அப்பா கொல்லையிலிருந்து ஒரு சாக்கோடு வந்தார். அதற்குள் கையை விட்டு உன் பழைய ஹெல்மெட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். தண்ணீர் பாய்ச்சப் போவதுபோலக் கிளம்பிவிட்டார். மோட்டாருக்கு அப்போது கரண்டே இல்லை.

அந்த ஹெல்மெட்டை யாரோ தோழிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். புதிது கம்பெனிக்காரர்கள் இலவசமாக அனுப்பியது என்றாய். நானும் அதைப் பெருமையாகத் தெருவெல்லாம் சொன்னேன். பழையதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மகோல் அப்பளம்போல நசுங்கியிருந்தது. வெடிப்பில் உன் முடி ஒன்று சிக்கியிருந்தது. கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா திரும்பி வந்ததும் கேட்டேன். "என்னைய எதுவும் கேக்காத சந்திரா" என்றார். நான் விடவில்லை. கடைசியில், "சின்னசாமி வேனு தெருவுல நிக்குதான்னு மட்டும் போயிப் பாரு" என்றார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் படித்தவள் நான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சின்னசாமி முதலில் டயரைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "டீச்சர், எங்கிட்ட யாரும் சத்தியம் வாங்கல. அதனால சொல்லிட்டுப் போறேன்" என்றார். அப்பாவின் வாயைக் கட்டிய அவசரத்தில் வேன்காரரை மறந்துவிட்டாய், கீர்த்தனா.

எல்லாம் சொன்னார். போன மாதப் பௌர்ணமிக்குச் சாலையெல்லாம் ஆட்கள் நடக்கிறார்கள் என்று நீ பழைய கல்குவாரிச் சரிவில் பயிற்சிக்குப் போனாய். முன்சக்கரம் பாறை இடுக்கில் மாட்டி நீ தலைகுப்புறப் போய் விழுந்தாய். ஆடு மேய்க்கிற பெண் ஓடிவந்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா நடுச்சாலையில் நின்று சின்னசாமியின் வேனை மறித்திருக்கிறார். வேனில் நீ, "சைக்கிளுக்கு என்னாச்சுப்பா?" என்று கேட்பாயாம். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் அதையே கேட்பாயாம். "அது பரவால்ல டீச்சர். தீபம் ஏத்தியாச்சான்னு கேட்டுச்சு பாருங்க, அப்பதான் நான் வேன ஓரங்கட்டி நிறுத்திட்டேன்" என்றார். மாசி மாதத்தில் கார்த்திகை தீபம் ஏற்றியாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறாய்!

அந்த நிலையிலும் உனக்கு ஒன்று மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்திருக்கிறது. நம் தெருத் திருப்பத்தில் வேனை நிறுத்தச் சொல்லி, அப்பாவைக் கீழே இறக்கி, மலையைப் பார்க்க நிறுத்தி, அவர் கையை உன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாய். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, ஹெல்மெட்டைக் கிணற்றில் போட்டுவிட வேண்டும் என்று.

அதற்குப் பிறகு நீ இங்கே இருந்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். சாப்பிட்டதை வாந்தி எடுத்தாய், ரோட்டுக்கடை பஜ்ஜி என்றாய். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டாய், ஸ்டைல் என்றாய். தயிர்சாதத்தில் உப்புப் போட்டுவிட்டு மறுபடியும் உப்புப் போட்டாய். காசியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னா டீச்சரம்மா, பொண்ணுக்குக் காலைல வாந்தியாமே, விசேஷமா?" என்று சிரித்தாள். "ஆமா, உன் மருமகளுக்குச் சொல்லி வை, தொட்டில் வாங்கி வரட்டும்" என்று நான் சண்டைக்குப் போனேன். உள்ளே வந்து மிளகாயும் உப்பும் எடுத்து உனக்குச் சுற்றிப் போட்டேன். பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவள், மூளையில் அடிபட்ட பெண்ணுக்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தேன். நீயும் சாதுவாகத் துப்பிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாய்.

நீ விழுந்ததற்காகக் கோபம் என்று நினைக்காதே. நீ விழாத நாள் எது? சீமைக்கருவேல முள்ளோடு வந்து குப்புறப் படுத்தபோது ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஏரிக்கரையில் ஆட்டுக் குட்டிக்கு வழி விட்டு நீ சேற்றில் பாய்ந்த அன்று உன்னையும் சைக்கிளையும் ஒரே குழாயடியில் நிறுத்திக் கழுவினேன். மணிக்கட்டு உடைந்தபோது வாயில் ஊட்டினேன். மழை நாளில் கூடத்தில் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி நீ மிதிக்கிற சத்தத்தில் எனக்கு டிவி கேட்டதே இல்லை. "பொம்பளப்புள்ள கல்லுலயும் முள்ளுலயும் வண்டி உருட்டி இன்னா ஆவப் போவுது" என்று உறவெல்லாம் கேட்டபோது, உருட்டுவதற்கும் ஓட்டுவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு பேசமாட்டேன் என்றேன். அதெல்லாம் நீ விழுந்துவிட்டு என்னிடம் வந்து சொன்னவை.

செவ்வாய்க்கிழமை ஹெல்மெட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனேன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த வினோதினி இப்போது அங்கே நரம்பு டாக்டர். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாந்தி, வெளிச்சம் ஆகாதது, மறதி எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப எங்க டீச்சர் இருக்கா?" என்றாள். கோத்தகிரியில், ஞாயிற்றுக்கிழமை ரேஸ் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "மொத அடி ஆறாம ரெண்டாவது அடி பட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாமப் போயிடும் டீச்சர். சின்ன அடியா இருந்தாலும் சரி. டெஸ்ட் பண்ணிப் பாத்து, தலைவலி சுத்தமாப் போற வரைக்கும் வண்டில ஏறவே கூடாது" என்றாள். அவள் ரூமிலிருந்து வெளியே வந்து எந்தப் பஸ்ஸில் ஏறினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

உனக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். சிரிக்காதே. பாலுக்கு உறை ஊற்றி வைக்கிறோம். யாரோ தெரியாமல் பாத்திரத்தை ஆட்டிவிட்டார்கள் என்று வை. தொடாமல் விட்டால் மெதுவாகவாவது உறையும். உறைவதற்குள் மறுபடியும் ஆட்டினால் அது தயிரும் இல்லை, பாலும் இல்லை. பாத்திரத்தை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல்கூட இருக்காது. நீ இப்போது கண்ணாடியில் பார்ப்பது பாத்திரத்தைத்தான். இது பிடிக்கவில்லையா, உன் தொழிலிலிருந்தே எடுத்துக்கொள். பங்சர் ஒட்டுகிறவர் சொல்யூஷன் காய்வதற்குள் பேட்ச் வைத்தால், "அவசரப்படாதீங்கண்ணா, கரட்டு மேட்டுல போறப்ப எனக்குத்தான் புடுங்கிக்கும்" என்று கத்துவாயே. ஒரு ரப்பர் ட்யூபுக்குக் கொடுக்கிற நேரத்தை உன் தலைக்குக் கொடுக்கமாட்டாயா?

என்னிடம் பொய் சொன்னாய், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வகுப்பில் கேட்காத பொய்யா? அப்பாவுக்குச் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பல் விளக்குவதற்கு முன்னால் வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிடுகிற மனுஷர். நீ போன நாளிலிருந்து அவர் முன்வாசல் வழியாக வெளியே போவதில்லை. கொல்லைப்புறமாகப் போகிறார், வருகிறார். நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான் நிற்கிறது. அதனால் குனிந்துகொண்டே நடக்கிறார். இடுப்பு வலியோ என்று தைலம் தேய்த்துவிட்டேன், பாவி நான்.

எனக்குச் சத்தியத்தில் எல்லாம் பயமில்லை. அவருக்கு உண்டு. அது உனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் அதை எடுத்தாய். சொன்னால் மலை உன்னைத் தண்டிக்கும் என்று நினைக்கிறார். சொல்லாவிட்டால் நீ ஞாயிற்றுக்கிழமை விழுந்து செத்துப்போவாய் என்றும் நினைக்கிறார். இரண்டு பக்கமும் உன் தலையையே வைத்து அவரைக் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அந்த ஹெல்மெட்டை மேசைமேல் வைக்க அவர் எவ்வளவு தவித்திருப்பார் என்று யோசித்துப் பார். இந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள் என்றேன். பேனாவை வாங்கினார், வெகுநேரம் வைத்திருந்தார், மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று முதல் மூன்று பேருக்குள் வந்தால்தான் இந்திய அணித் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். போன வருடம் செயின் அறுந்து நீ நான்காவதாக வந்தாய். வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்து கோட்டைத் தாண்டினாய். இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் உனக்கு வயது இருபத்தேழு. உன் கோச் முருகவேல் சாருக்குத் தெரிந்தால் உடனே இறக்கிவிடுவார் என்பதும் தெரியும். அதற்குத்தானே இத்தனை வேஷமும். நீ தோற்றதற்கு நான் அழுததில்லை. இதைத் தவறவிட்டால் அழுவேன், உன்னோடு சேர்ந்து உட்கார்ந்தே அழுவேன். ஆனாலும் நீ ஏறக்கூடாது.

கோச்சின் நம்பர் என்னிடம் இருக்கிறது. நேற்றிலிருந்து பலமுறை எடுத்தேன், அழுத்தவில்லை. நான் சொன்னால் அம்மா இறக்கிவிட்டாள் என்று ஆகும். அடுத்தமுறை இன்னும் ஆழமாக ஒளிப்பாய், அப்போது கிணற்றில் போட ஆளை மாற்றுவாய். நீயே போய்ச் சொல்ல வேண்டும். எங்கே விழுந்தாய், எத்தனை நாளாக வலி, எதை எதை மறந்தாய், எல்லாவற்றையும். இப்போதே. சின்னசாமி வாசலில் இருக்கும்போதே. நீ கோச்சின் அறைக்குள் போவதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வேனை எடுப்பார். நீ சைக்கிள் பக்கம் போனால் எனக்குப் போன் வரும். அடுத்த போன் நான் கோச்சுக்குச் செய்வது. அதற்குப் பிறகு நீ என்னோடு வருடக்கணக்கில் பேசாமல் இருந்தாலும் இரு. பேசாத மகள் எனக்குப் போதும். உயிரோடு இருந்தால் போதும்.

பகல் வெயிலில் அலையாதே. போனை நோண்டாதே, கண்ணுக்கு ஆகாது என்று வினோதினி சொன்னாள். தண்ணீர் நிறையக் குடி. கேரட் ஏற்றிக்கொண்டு சின்னசாமி திரும்பி வருவார், அந்த வேனிலேயே முன்சீட்டில் உட்கார்ந்து வந்துவிடு. கேரட் மூட்டைக்கு நடுவில் சைக்கிளையும் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மெதுவாக ஓட்டவும் சொல்லியிருக்கிறேன்.

நீண்ட ஆயுளோடும் தெளிந்த தலையோடும் இருக்க வேண்டும், கண்ணே. உன்னை இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கவில்லை. மீதியைத் திட்டுவதற்கு நீ எனக்கு வேண்டும்.

ஆறாத கோபத்துடன்,
அம்மா
சந்திரகலா