கோயில் மாதிரி என்று நான் சொன்ன பதில்

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் ஷீனாவுக்கு அப்பா சுவக்கீன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், உனக்கும் அங்கே நீ படிக்கிற மெல்பர்னில் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் ஜெபமாலையில் ஒரு மணியை உனக்கென்று கூடுதலாக உருட்டுகிறாள். மனசு சுகமா என்று கேட்டால் அதற்குப் பதில் கடிதம் போகப்போகத் தெரியும். இந்த ஐப்பசி மழை விட்டபாடில்லை, தேயிலைக் கொளுந்து தண்ணீரும் சேர்ந்து எடை காட்டுகிறது என்று பெண்கள் சிரிக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைவிடத் தேவலை, நீ அனுப்பிய தைலத்தை அவள் தன் காலுக்குப் போடாமல் பக்கத்து வீட்டுக்காரிகளுக்கெல்லாம் தடவிவிட்டுப் பெயர் வாங்குகிறாள். உன் அண்ணன் ஜின்சன் ஜீப்பில் டூரிஸ்டுகளைக் காந்தலூருக்கு ஏற்றிப் போய் வருகிறான், போன வாரம் ஒரு கூடை பூண்டோடு வந்து இறங்கினான், வீடே நாறுகிறது. நான் கடிதம் எழுதுகிறேன் என்றதும் எதற்கப்பா, சொல்லுங்கள், வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அவன் படித்துவிடுவான். போனில் சொல்லலாம் என்றால் உன் முகம் தெரியும், என் முகமும் உனக்குத் தெரியும், அதற்குத் துணிவில்லாமல்தான் தபால்காரரை நம்புகிறேன்.

உன் பள்ளிக்கூடத்து விஷயம்தான் மகளே. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று முழுநேரப் பள்ளிக்கூடம், சித்திரபுரத்துக்குப் பக்கத்தில், அதற்கு நீங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து திட்டம் போடுகிறீர்கள் என்று நீ முதலில் சொன்னபோது நான் சண்டைக்கு வந்தேன், ஞாபகம் இருக்கும். யூனியன்காரன் ரத்தம் சும்மா இருக்குமா, அப்படியானால் மற்றப் பிள்ளைகள் எல்லாம் மண்ணா என்று கேட்டேன். நீ கோபப்படாமல் எடுத்துச் சொன்னாய். வயசு பார்த்து வகுப்பில் அடைக்க மாட்டோம், கணக்கில் ஓடுகிற பிள்ளை கணக்கில் ஓடட்டும், அதே பிள்ளை எழுத்தில் மெதுவாக நடந்தால் நடக்கட்டும், காலையில் பஸ்ஸில் வந்து சாயந்தரம் தாய் தகப்பனிடம் திரும்பிப் போகட்டும், ஹாஸ்டலில் போட்டு வேரோடு பிடுங்க மாட்டோம், பாதி இடம் நம் மாதிரித் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் வளரும் பிள்ளைகளுக்கு என்றாய். கெட்டிக்காரப் பிள்ளை எங்கே போட்டாலும் தானாகப் படித்துக்கொள்ளும் என்பது பெரியவர்கள் சொல்லும் சாக்கு, கேட்க ஆள் இல்லாவிட்டால் அது வாயை மூடிக்கொள்ளும் என்றும் சொன்னாய். அன்றைக்கே எனக்குப் புரிந்த மாதிரித் தலையாட்டினேன். புரியவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கப் பரீட்சைத்தாள் கிடையாது, அவர்கள் வாய்விட்டு யோசிப்பதைக் கேட்க வேண்டும், அதுவும் அவர்கள் வீட்டில் பேசுகிற தமிழில் என்று நீ விதி போட்டாய். கேள்வி கேட்கக் கொச்சியிலிருந்து வரும் சாருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பிள்ளை சொல்வதை மலையாளத்தில் சொல்ல வேண்டும். உன் கூட்டாளிகள் காமரா வைத்துப் படம் எடுத்துவிடலாம் என்றார்களாம், நீதான் வேண்டாம், பிள்ளைகள் மிரளும், எங்கப்பா வாழ்நாள் முழுக்க இந்த ஜனங்களுக்காகப் பேசியவர், அவர் இருந்தால் போதும் என்று சொன்னாயாம். அம்மா அதை லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். நானும் வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டி, மீசையை ஒதுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன், கல்யாண வீட்டுக்காரன் மாதிரி.

ஒரு தட்டில் களிமண்ணில் மலை செய்து வைத்திருந்தார்கள். மேலே ஒரு லயம், நடுவில் ஒரு லயம், கீழே ஒரு லயம், எல்லாம் தீப்பெட்டி அளவு வீடுகள். ஒரு சிவப்புக் கட்டையைக் கையில் கொடுத்து, இதுதான் பள்ளிக்கூடம், எந்தப் பிள்ளையும் ரொம்ப தூரம் நடக்காமல் இருக்க இதை எங்கே வைப்பாய் என்று சார் கேட்டார். வந்த பிள்ளைகள் எல்லாம் நடுவில் வைத்தார்கள். முத்துப்பேச்சி மகள் மாரீஸ்வரி வந்தாள். முத்துப்பேச்சியை உனக்குத் தெரியும், நமக்கு இரண்டு லயம் தள்ளி, மேல் டிவிஷனில் கொளுந்து எடுக்கிறவள். மகள் நாலாம் வகுப்பு படிக்கிறது. அது கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மலையையே பார்த்தது. பிறகு உச்சியில், மேல் லயத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. ஏன் என்று சார் கேட்கச் சொன்னார், கேட்டேன். அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சாரு தூரத்த மட்டும் கேக்காரு. எந்நேரம் நடக்கணும்னு கேக்கலையே. காலையில வெளிச்சம் இருக்கும், கீழ உள்ள புள்ளைக ஏறி வந்துரும். சாயந்தரம் மஞ்சு எறங்கிரும், ஆனை ரோட்டுக்கு வந்துரும். அப்ப ஏறவா முடியும், எறங்கி ஓடத்தான் முடியும். நடுவுல வச்சா மேல உள்ள நாங்கள்லாம் சாயந்தரம் ஏறணும். இந்தக் கேள்விய உண்டாக்குன ஆளு நம்ம ரோட்டுல ஒரு நாளும் நடந்திருக்க மாட்டாரு." இவ்வளவும் சாருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே, கையைக் கட்டாமல் சொன்னது.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது ஷீனா. கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் முதலில் சொன்னதெல்லாம் அந்த நேரத்துக்கு எனக்கு மறைந்துபோயிற்று. படித்த மனுஷர், மழையில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார், நம் லயத்துப் பிள்ளை அவருடைய கேள்வியே தப்பு என்கிறது, இதை எப்படிச் சொல்வது என்றுதான் ஓடியது. என் தொழிலே அதுதானே. லேபர் ஆபீசில் எத்தனை வருஷம் நின்றிருக்கிறேன். நம் ஆள் வந்து, எடையில் கை வைக்கிறவன் நாசமாகப் போவான் என்று கத்துவான், நான் அதை மலையாளத்தில், எடை விஷயத்தில் தொழிலாளிக்கு ஒரு சந்தேகம் உள்ளது, தயவுசெய்து பரிசீலிக்க வேண்டும் என்று ஆக்குவேன். அதனால் வேலை போகாமல் தப்பியவர்கள் உண்டு, என் வாய்க்கு அதனால்தான் இங்கே மரியாதை. அந்தப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. பள்ளிக்கூடம் உயரத்தில் இருந்தால் ஒரு மதிப்பு, கோயில் மாதிரி, என்று பிள்ளை சொல்கிறாள் என்றேன். சார் சிரித்து, நல்லது என்று எழுதிக்கொண்டார். எனக்கு ஒரு பெரிய கலவரத்தை அடக்கியது போல நிம்மதி.

பிள்ளை என் பக்கம் திரும்பி, "தாத்தா, நான் அதச் சொல்லலையே" என்றது. சத்தமாகச் சொல்லவில்லை, என் காதுக்குத்தான் சொன்னது, என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்ததோ என்னவோ. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிற பிள்ளை, புரியாமலா இருக்கும், அதைக்கூட நான் யோசிக்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று சார் கேட்டார். தண்ணீர் கேட்கிறாள் என்றேன். அவரே எழுந்து போய் ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். அது என்னைப் பார்த்தது, பிறகு டம்ளரை வாங்கி முழுவதையும் குடித்தது. அதற்குப் பிறகு சார் கேட்ட எல்லாவற்றுக்கும் தெரியாது, தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், முத்துப்பேச்சி மகளுக்கு வாய் கொஞ்சம் நீளம், நான் இருந்ததால் மானம் தப்பியது என்று சொல்லி மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். நம் எஸ்டேட்டிலிருந்து ஒரு பிள்ளையும் தேறவில்லையே என்று வருத்தப்பட்டாய். அந்தத் தட்டுக் கேள்வியை நீதான் உண்டாக்கினாய் என்றும், வேண்டுமென்றே குறை வைத்துத்தான் கேட்கச் சொன்னாய் என்றும், ஏதாவது ஒரு பிள்ளை இந்தக் கேள்வி சரியில்லை என்று சொல்லாதா என்றுதான் அத்தனை ஏற்பாடும் என்றும் அப்போதுதான் சொன்னாய். மாரீஸ்வரி என்று ஒரு பிள்ளை கட்டையை மேலே வைத்திருக்கிறதாமே, சார் எழுதியதில் அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு ஆசை வந்தது அப்பா, காரணத்தைப் பார்த்தால் கோயில் மாதிரி என்று இருக்கிறது, ஏமாந்துபோனேன் என்றாய். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைதானே என்றேன். லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லைன் சரியாகத்தான் இருந்தது. சாரிடம் சொன்னதைப் பழக்க தோஷம் என்று சொல்லித் தப்பிக்கலாம், உன்னிடம் சொன்னதற்கு என்ன பெயர் வைப்பது. பெற்ற மகளிடம் வெட்கப்பட்டு நிற்கும் நாள் வரும் என்று நான் நினைத்ததில்லை.

மறுநாள் சாயந்தரம் முத்துப்பேச்சி வீட்டுக்குப் போனேன். அவள் அப்போதுதான் நனைந்து வந்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள், திட்டினால் கொஞ்சம் பாரம் குறையும் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு. அவள் பால் விடாத கட்டஞ்சாயாவை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க மறைச்சது நல்லதாப் போச்சு பெரியப்பா, இவ வாயி அப்பிடி. அன்னையிலருந்து புள்ள அடங்கிட்டா. இப்பல்லாம் எதுத்துக் கேக்கதே இல்லன்னு டீச்சர் கூடச் சொன்னாக" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு நன்றி சொன்னாள் மகளே. நான் பிள்ளையைக் கூப்பிட்டு, அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி, தாத்தா சொன்னதுதான் தப்பு, நீ சொன்னதை இன்னொரு தடவை சொல்லு, அதை நான் அப்படியே எழுதி அனுப்புகிறேன் என்றேன். அது வந்து நின்றது. அம்மாவைப் பார்த்தது. கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் உயரத்தில் இருந்தால் ஒரு மதிப்பு, கோயில் மாதிரி, என்று சொன்னது. மலையாளத்தில் சொன்னது. நான் சாரிடம் சொன்ன அதே வாக்கியம், ஒரு எழுத்து பிசகவில்லை. எவ்வளவு சுத்தமான மலையாளம் என்று முத்துப்பேச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சாயாவைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

கொச்சி சாருக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னிடம் முதலில் கேட்டிருக்கலாம், ஆனால் உன் பெயரும் சேர்ந்து கெடுமே என்று நீ யோசித்தால், நான் அதைச் சாக்காக வைத்துச் சொல்லாமல் இருந்துவிடுவேன். அவர்கள் உன்னை ஏதாவது கேட்டால் என்னைப் பாதுகாக்காதே. அவர் கோபப்படவில்லை. பட்டியல் இன்னும் முடியவில்லை, டிசம்பரில் கடைசியாக ஒரு முறை வருவோம், பிள்ளை பேசினால் பார்க்கலாம் என்றார். பிள்ளை பேசினால் என்றாரே, அதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. அது சொன்னதை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன், ஆனால் அதற்காக நான் பேசியது போதும், இனி அதுவே பேசினால்தான் உண்டு. பக்கத்தில் உட்கார அங்கன்வாடி ஜோமோளைப் போடு, அவளுக்கு மரியாதையாகப் பேசவே வராது, என்னோடு தினமும் சண்டை, அதனால் நம்பலாம். உன் திட்டத்தில் இன்னொன்றும் சேர்த்துக்கொள். பிள்ளை வாயை அடக்குகிறவர்கள் எல்லோரும் பிரம்போடு வர மாட்டார்கள், சிலர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்றும் வருவார்கள், அவர்களுக்கு உன் பள்ளிக்கூடத்தில் நாற்காலி போடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி அரிசி சோறு கொஞ்சமாவது சாப்பிடு என்று அம்மா எழுதச் சொன்னாள். அவளிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டேன், இரண்டு நாளாக என் தட்டில் சோறு வைக்கிறாள், பேச்சு வைக்கவில்லை. அம்மாவுடைய முத்தங்களும் உன் அண்ணன் ஜின்சனுடைய அன்பும் இதில் இருக்கின்றன. ஆண்டவர் உன் படிப்பையும் கையையும் ஆசீர்வதித்து, உன்னைச் சுகமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். கிறிஸ்துமசுக்கு நீ வரும்போது ஒன்றே ஒன்று மறக்காதே. முதல் வேலையாக மாரீஸ்வரி வீட்டுக்குப் போ, என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே, அவளிடம் ஒரு தப்பான கேள்வி கேள், அவள் உன்னைத் திட்டும்வரை கேட்டுக்கொண்டே இரு.

வெட்கத்துடன்,
உன் அப்பா
சுவக்கீன்