ஸ்டியரிங்குக்குள் இல்லாத பை

அன்பு மகனுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதப்படுவது. நானும் உன் அம்மாவும் உன் மனைவியும் இங்கே உடம்பளவில் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். மனசளவில் என்ன என்பதைத்தான் மேலே சொல்லப்போகிறேன். அம்மாவுக்கு இடது கண்ணில் ஆபரேஷன் கட்டுப் பிரித்து ஒன்பது நாள் ஆகிறது, நன்றாகத் தெரிகிறதாம், பிரித்ததும் முதல் வேலையாக என் முகத்தைப் பார்த்து "இவ்வளவு கிழவனாயிட்டீங்களா, யாருமே சொல்லலையே" என்றாள். வலது கண்ணை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாடிக் குழாய் ஒழுகல் நின்றுவிட்டது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான், மற்றதெல்லாம் வண்டிச் செய்தி. தம்பி, இதைப் படித்து முடித்த கையோடு நீ போன் பண்ண வேண்டும், எனக்கு இல்லை, உன் மனைவிக்கு, அதுவும் இங்கே நாளைக் காலை எட்டு மணி அடிப்பதற்குள். தபாலில் போட்டால் பதினைந்து நாள் ஆகும் என்பதால் இதை எழுதுகிறவர் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறார். அதே போனில் பேசிவிடலாமே என்று நீ கேட்பாய். பேசினால் நீ "அப்பா, லைன் சரியில்லை" என்பாய், அல்லது உன் குரல் கம்மும், நான் பாதியிலேயே இளகி சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும், அதனால்தான் எழுத்து.

நம் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிவது உனக்கு இதுவரை யாரும் சொல்லாதது. எனக்கு எழுத்து தெரியாவிட்டாலும் படம் தெரியும், நாற்பது வருஷம் லாரி ஓட்டியது படத்தைப் பார்த்துத்தான். ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவன் நெஞ்சுக்கு முன்னால் பெரிதாக ஒரு பந்து. நாலு மாதத்துக்கு முன்பு உன் மனைவி "மாமா, இது என்ன புதுசா எரியுது" என்று கேட்டாள். நான் ஓட்டிய வண்டிகளில் இப்படி ஒரு விளக்கே கிடையாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, "அது ஒண்ணுமில்லம்மா, சீட்டுக்கு அடியில ஒயர் அசைஞ்சிருக்கும்" என்றேன். எரிந்துகொண்டே இருப்பது அவள் கண்ணை உறுத்துகிறது என்று, அவள் குளிக்கப் போன நேரத்தில் கறுப்பு டேப்பைத் துண்டாகக் கிழித்து அதன் மேல் ஒட்டிவிட்டேன். அவளும் மாமா சரிபண்ணிவிட்டார் என்று நம்பி மூன்று மாதம் ஓட்டினாள். உன் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அதில்தான், முன் சீட்டில்.

போன மாதம் அவளுடைய வேலையில் மாற்றம் வந்தது. ஊருக்குள் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபுக்குக் கொண்டுவந்தவளுக்கு இப்போது நெடுஞ்சாலைப் பக்கம் நாலு ஊர் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், தினமும் போக வர நூற்றிருபது கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரிகள். அதைக் கேட்ட அன்றுதான் அந்த விளக்கை இனி விடக்கூடாது என்று முடிவு செய்தேன். டேப்பை நானே உரித்துவிட்டு, அவளிடம் பிரேக் பார்க்க வேண்டும் என்று சொல்லி வண்டியை வாங்கிக்கொண்டு போனேன். முதலில் போன கடையில் கையடக்கமாக ஒரு மிஷினைச் செருகி என்னவோ அழுத்தி "அழிச்சாச்சு பெரியவரே, போங்க" என்றான். விளக்கு அணைந்தது, மூன்றாம் நாள் நம் தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியதும் திரும்ப வந்துவிட்டது. மறுபடி போனேன், மறுபடி அழித்தான், "உங்க வண்டிக்கு உங்களைப் பார்த்தா பயம் போல" என்று ஜோக் வேறு. இரண்டாவது கடையில் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற பிளக்கைக் கழற்றித் துடைத்து இறுக்கிக் கட்டினார்கள். அது ஐந்து நாள் தாங்கியது.

மூன்றாவதாகப் போனது பழைய பஸ் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம். அவர் அதிகம் பேசமாட்டார். மிஷினை எடுக்கவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து "எப்ப எப்ப வருது, சொல்லுங்க" என்றார். இதைத்தானே தம்பி, முதல் கடையிலேயே கேட்டிருக்க வேண்டும்! நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். சாவியைத் திருப்பினால் அந்த விளக்கு ஒரு தடவை மின்னி, கொஞ்சம் நின்று, பிறகு ஒன்பது தடவை மின்னுகிறது, வந்த நாளெல்லாம் எண்ணியிருக்கிறேன், ஒரு நாளும் எட்டு ஆனதில்லை. வீட்டு கேட்டுக்குள் ரிவர்ஸ் எடுக்க ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடிக்கும்போது வருகிறது, இடது பக்கம் ஒடித்தால் வருவதில்லை. திங்கள்கிழமை வந்தது, புதன்கிழமை வரவில்லை, அன்று ரோட்டிலேயே நிறுத்தியிருந்தோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு "படிச்சவங்க பாதி பேர் இப்படிச் சொல்லமாட்டாங்க பெரியவரே, கோளாறு ஸ்டியரிங்குக்குள்ளதான்" என்றார். பேட்டரியைக் கழற்றிவிட்டு கால் மணி நேரம் எதையும் தொடாமல் இருந்தோம், உள்ளே மிச்சம் இருக்கும் கரண்டில் ஏர்பேக், அதாவது அந்தப் படத்தில் இருந்த பந்து, மோதினால் உப்பி ஆளைத் தாங்கும் பை, வெடித்துவிடுமாம், அதற்கு. பிறகு ஸ்டியரிங் நடுவில் இருக்கும் மூடியைப் பின்னாலிருந்து நெம்பி எடுத்தார்.

எடுத்தவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கனமாக வரவேண்டியதாம் அது, காலி டப்பா மூடி மாதிரி வந்தது. கிழிந்த முகப்பை நெருக்கமாகத் தைத்திருந்தது, உள்ளே பை இல்லை. பை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர், அந்த இரண்டையும் சேர்த்து அரிசி அளவில் ஏதோ ஒன்றைப் பற்றவைத்து மேலே டேப் சுற்றியிருந்தது. அதற்கு ரெசிஸ்டர் என்று பேர். வண்டி ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் "பை இருக்கிறதா" என்று கேட்குமாம், இது "இருக்கேன்" என்று பதில் சொல்லி ஏமாற்றுமாம். பற்றவைத்தது வலது பக்கம் ஒடிக்கும்போது விட்டுப்போனதால்தான் விளக்கு எரிந்திருக்கிறது. நான் அங்கே கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்து சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், அங்கேயும் ஒரு தையல் ஓடியது, அதற்குள்ளும் காலி. பிறகு என்னைப் பார்த்து "இந்த அரிசியைத் திரும்பப் பத்த வெச்சா லைட் போயிடும். வைக்கவா வேண்டாமா, நீங்க சொல்லுங்க" என்றார். உன்னிடம் மறைப்பதற்கு என்ன, வை என்று சொல்ல வாய் வந்தது. விளக்கும் போகும், வீட்டில் யாருக்கும் தெரியாது, என் பேரும் கெடாது. டேப் ஒட்டிய கைதானே இது. அப்போது அம்மா அந்த சீட்டில் கண்ணில் கட்டோடு உட்கார்ந்து போனது ஞாபகம் வந்தது, வேண்டாம் என்றேன்.

அந்தத் தையலைப் பார்த்ததும் யார் வேலை என்று தெரிந்துபோயிற்று, இவ்வளவு நெருக்கமாகக் கார் சீட் தைக்கிறவர் இங்கே ஒருவர்தான், இந்தக் கடிதத்தை எழுதுகிறவர். நேராக இவரிடம் வந்தேன். முதலில் "எத்தனையோ வண்டி வருது, ஞாபகம் இல்லை பெரியவரே" என்றார். நான் சொன்னேன், இரண்டு வருஷத்துக்கு முன்பு, உங்கள் கடைக்குப் புதுத் தையல் மிஷின் வந்து இறங்கிய அன்று, நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே எங்கள் வண்டி துணி போர்த்தி நின்றது, என் மகன் சீட் தைக்க விட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு போனேன் என்று. இவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "பையை அப்புறம் போட்டுக்கறேன், இப்போதைக்கு மூடி மட்டும் தைச்சுக் குடுங்கன்னு உங்க பையன் சொன்னார்" என்றார். இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி, இதை விட்டுவிடலாமா என்று என்னைப் பார்க்கிறார். நீங்கள்தானே தைத்தீர்கள், நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துவிட்டது தம்பி. நீ வெளிநாடு கிளம்ப அப்போது இருபத்தாறு நாள் இருந்தது. வண்டி பதினொரு நாள் வீட்டில் இல்லை, கேட்டதற்கு பம்பர் உரசிவிட்டது என்றாய். அந்தக் கோடையில் நீ முழுக்கை சட்டையோடு திரிந்தாய், ராத்திரி படுக்கும்போதுகூட. ஒரு நாள் கை கழுவும்போது பார்த்தேன், இரண்டு முன்கையிலும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது, அம்மா கேட்டதற்கு வெந்நீர் கொட்டிவிட்டது என்றாய். இரண்டு கையிலும் ஒரே அளவுக்கு வெந்நீர் எப்படிக் கொட்டும் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது, கேட்காமல் விட்டேன். பை வெடித்தால் கை அப்படித்தான் உரியும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். எதில் போய் மோதினாய் என்று நான் கேட்கவில்லை. உன் மனைவி நீ போவதையே விரும்பாமல் இருந்தாள், சொன்னால் அதையே சாக்காக வைத்துப் பயணத்தை நிறுத்திவிடுவாள் என்று பயந்திருப்பாய், போய்ச் சேர்ந்ததும் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய், அதற்கப்புறம் சொல்ல வாய் வந்திருக்காது. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் தம்பி, உன்னை உயிரோடு விட்டது அந்தப் பை. நீ பிழைத்து எழுந்து வந்த அதே சீட்டில் அவளை வெறுமனே உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறாய். 

இப்போது வீட்டு நிலைமையைக் கேள். நாலு நாளாக நான் பேட்டரியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன். பிரேக் சரியில்லை என்றேன், பிறகு பேட்டரி சார்ஜுக்குக் கொடுத்திருக்கிறது என்றேன், வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொல்லியாகிவிட்டது. அவள் மூன்று பஸ் மாறி, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் வருகிறாள். நேற்று முன்தினம் ஐஸ் உருகி ஆறு பேருடைய ரத்தம் கெட்டுப்போய், மறுபடி அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்க் குத்த வேண்டியதாகி, லேபில் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கியிருக்கிறாள். மேனேஜர் இன்னொரு தடவை இப்படி ஆனால் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றாராம். கட்டிலுக்கு அடியில் இருப்பதை அம்மா பெருக்கும்போது பார்த்துவிட்டாள். மாமாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று இரண்டு பேரும் சமையலறையில் ரகசியம் பேசுகிறார்கள், காது நன்றாகக் கேட்கிறது என்பது அவர்களுக்கு மறந்துபோயிற்று. நேற்று அவள் என் முன்னால் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் குரல் உயர்த்தாதவள், நேற்றும் உயர்த்தவில்லை. "நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்க மாமா. உங்க பொண்ணா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா" என்றாள். பொண்ணா இருந்தாலும் இதைத்தானம்மா பண்ணுவேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள் என்று, கொல்லைப் பக்கம் போய்விட்டேன். நாளைக் காலை எட்டு மணிக்கு அவளே ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள், வேறு பேட்டரியோடு. பத்து நிமிஷ வேலை, மாட்டிவிட்டுப் போய்விடுவான், அவள் அந்த லாரிகளுக்கு நடுவே போய்விடுவாள். நான் எத்தனை நாள் வண்டிக்குக் குறுக்கே நிற்க முடியும்?

நானே சொல்லிவிடலாம். சொன்னால் அது நான் கண்டுபிடித்து அவளுக்குச் சொன்னதாக ஆகும், நீ ஒளித்து மாட்டிக்கொண்டதாக ஆகும். அதற்கப்புறம் நீ போனில் சாப்பிட்டேன் என்றால்கூட, நிஜமா என்று அவள் யோசிப்பாள். நீயாகச் சொன்னால் கத்துவாள், அழுவாள், ஒரு மாதம் பேசாமல் இருப்பாள், அது பரவாயில்லை, வாங்கிக்கொள். எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டேன், இரண்டு பையும் அந்தக் கம்ப்யூட்டரும் புதிதாகத்தான் போட வேண்டும், உடைத்த வண்டியில் இருந்து எடுத்தது வேண்டாம் என்கிறார், வந்து சேர மூன்று வாரம். அதுவரை தன் தம்பியின் வண்டியை அவளுக்குத் தருகிறேன் என்றிருக்கிறார், நானே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், சாவி போட்டால் விளக்கு எரிந்து, தானாக அணைகிறது, ஹாரனும் அடிக்கிறது. வழி எல்லாம் இருக்கிறது தம்பி, உன் வாய்தான் திறக்க வேண்டும்.

டேப் ஒட்டியது நான் என்பதை இன்று சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்ததும் உட்காரவைத்துச் சொல்லப்போகிறேன், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி மூன்று மாதம் உன்னை ஓட்டவிட்டேன் அம்மா என்று. அது என் பங்கு, அதை உன் தலையில் கட்டமாட்டேன். உன் பங்கு நாளைக் காலை எட்டு மணி வரைக்கும் உன்னுடையது. எட்டு அடித்து, அந்த மெக்கானிக் பானட்டைத் தூக்கும்வரை அவளுடைய போன் அடிக்கவில்லை என்றால், அங்கேயே வைத்து எல்லாவற்றையும் நான் சொல்லிவிடுவேன். மகன் என்று பார்க்கமாட்டேன் என்று எழுதச் சொல்லத்தான் நினைத்தேன், பொய், மகன் என்று பார்த்துத்தான் இன்றைக்கு மத்தியானம் இவர் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீ நூறு வருஷம் நல்லபடி இருக்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து இருக்க வேண்டும், கோபத்தில் சொன்ன ஆசீர்வாதமும் ஆசீர்வாதம்தான். அங்கே வேலைக்குப் போகும் வேனில் சாவி போட்டதும் அந்தப் பந்து வைத்த ஆள் எரிகிறானா, கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிறானா என்று பார், எரியவே இல்லை என்றாலும் ஏறாதே. போன் பண்ணும்போது முதலில் காரணம் சொல்ல ஆரம்பிக்காதே, நடந்ததை முதலில் சொல்.

இப்படிக்கு
உன் அப்பா
(கையெழுத்துக்குப் பதில் இடது கைப் பெருவிரல், கிரீஸ் கறையோடு)