நாலு விரல் தள்ளி விழுப்புரம்

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் நல்ல பனி. கோலியனூர் ரோட்டில் கரும்பு டிராக்டர் வரிசை, ஷேர் ஆட்டோ ஊர்ந்தது. பள்ளிக்கு லேட். தலைமை ஆசிரியை (இனி த.ஆ., முழுசாக எழுதச் சோம்பல்) கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

வாங்க: சார்ட் பேப்பர், பச்சை ஸ்கெட்ச், உளுந்து, இவருக்கு இருமல் மருந்து.

நாலாம் வகுப்புக்கு சமூக அறிவியல். ஸ்மார்ட் போர்டில் செயற்கைக்கோள் படம், மேலிருந்து பார்த்த நம் ஊர். இந்த போர்டுக்கு வந்த நாளிலிருந்தே ஒரு கோணல். விரல் வைத்த இடத்தில் புள்ளி விழாது. வலது பக்கம் நாலு விரல் தள்ளித்தான் விழும். மெக்கானிக் "இதோ வர்றேன் மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், பொங்கலும் போய்விட்டது. பிள்ளைகளுக்கு இதில் ஒரு கவலையும் இல்லை. எது வேண்டுமோ அதற்கு இடது பக்கம் நாலு விரல் விட்டுத் தொடுகிறார்கள், டக்கென்று வருகிறது. நான்தான் இன்னும் தடுமாறுகிறேன்.

"மிஸ், நீங்க நேராத் தொடறீங்க. அதான் வர மாட்டேங்குது." லோகேஷ். பெரிய மனுஷன்.

இன்று அவரவர் வீடு தேடும் படலம். கூச்சல், தள்ளுமுள்ளு. ஒருத்தன் மாட்டுக் கொட்டகையைத் தன் வீடு என்றான், வீட்டைக் காட்டினால் ஒத்துக்கொள்ளவில்லை. மோனிஷா ஒரே தொடலில் கண்டுபிடித்தாள். சிமெண்டு ஷீட் கூரை, பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. அவள் அப்பாவின் ஷேர் ஆட்டோ.

"அப்பா அன்னைக்கி லீவு மிஸ். வண்டி வூட்லயே நிக்குது பாருங்க."

எப்போது எடுத்த படமோ. அவள் முடிவே செய்துவிட்டாள், அப்பாவுக்கு ஜுரம் வந்த அன்றைக்கு எடுத்ததாம். வகுப்பு முழுக்க அதை நம்பிவிட்டது.

மத்தியானம் த.ஆ. கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் ஒரு பள்ளி ஹாலில் காட்சி. ஒவ்வொரு பள்ளியும் ஸ்மார்ட் போர்டை வைத்து ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். "ஜோதி, நீதாம்மா போற. மேப் பாடம் எடு. பசங்க அஞ்சு பேரு போதும்." கேள்வி இல்லை, உத்தரவு.

சாயங்காலம் மோனிஷாவின் அப்பா சேகர் வண்டியில்தான் திரும்பினேன். மற்றவர்கள் எல்லாம் இறங்கின பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். ஜூன்ல பாப்பாவ திண்டிவனத்துல சேக்கலாம்னு இருக்கறோம். எங்கக்கா வூடு அங்கதான. அங்கியே தங்கிப் படிக்கட்டும். இங்கிலீஷ் மீடியம்."

ஏன் என்று கேட்டேன்.

"உங்கமேல கொற சொல்லல டீச்சர். நீங்க நல்லாதான் சொல்லிக் குடுக்கறீங்க. ஆனா போர்டே கோணலா இருக்குதுன்னு எம் பொண்ணே சொல்லுது."

இறங்கி நேரே வீட்டுக்கு நடந்தேன். உளுந்து வாங்க மறந்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. பனிக்காலம் முடிந்த மாதிரிதான்.

திண்டிவனம் போகிற ஐந்து பேர்: மோனிஷா, லோகேஷ், இன்னும் மூன்று பேர் (சத்தம் போடாத மூன்று பேராகப் பார்த்து எடுத்தேன். அவர்களும் இன்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள்).

சாப்பாட்டு நேரத்தில் மோனிஷா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முட்டையின் வெள்ளையை முதலில் தின்று மஞ்சளைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிற பிள்ளை.

"அத்த வூட்ல ஏசி இருக்குது மிஸ். மாடி வூடு."

"அப்ப ஜாலிதான்."

"எனக்குக் குளுரும்."

அவ்வளவுதான் சொன்னாள். மஞ்சளை இரண்டாகப் பிட்டு எனக்கு ஒரு பாதி கொடுத்தாள். இந்தப் பிள்ளையை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அவளுடைய நல்லதுக்காகத்தான் நினைக்கிறேன் என்று இங்கே எழுதினால் பாதி பொய். அவள் இல்லாத வகுப்பு எனக்குப் பிடிக்காது, அது மீதிப் பாதி.

சாயங்காலம் சேகரிடம் வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். பிள்ளை மேடையில் பேசுகிறாள், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று.

"வர்றேன் டீச்சர். வண்டி ஓட்டாம வர்றேன். ஆனா சனிக்கிழம சீட்டு வேணுமா வாணாமான்னு சொல்லணும். அக்கா டெய்லி போன் பண்ணி ஒரே பேஜாரு."

ஆக வெள்ளிக்கிழமைதான் எல்லாம். அவர் மனைவிக்கும் அனுப்ப இஷ்டமில்லையாம், ஆனால் நாத்தனார் விஷயத்தில் வாய் திறக்காதாம். பின்சீட்டு அம்மாள் சொன்னது. இந்த ஆட்டோவில் தெரியாத சேதி கிடையாது.

பிப்ரவரி 4, புதன்

கரண்ட் இல்லை. வேலை நடக்கிறதாம், சாயங்காலம்தான் வரும்.

சரி, பேப்பர் மேப்பில் ஒத்திகை பார்க்கலாம் என்று அலமாரியைக் குடைந்து பழைய இந்தியா மேப்பை எடுத்தேன். ஓரமெல்லாம் கரையான். சுவரில் ஆணியில் மாட்டினேன்.

"விழுப்புரம் எங்க?"

ஒருத்தன் ஓடி வந்தான். தைரியமாக விரல் வைத்தான். கேரளா.

"இல்லடா. நல்லாப் பாரு."

அடுத்தவள். அதே கேரளா. மூன்றாமவனும் அங்கேயே. லோகேஷ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து சென்னையைத் தூக்கிக் கர்நாடகாவில் வைத்தான். ஐந்து பேரும் எல்லா ஊரையும் ஒழுங்காக, அளந்து, நாலு விரல் இடது பக்கம் தள்ளி வைத்தார்கள். ஒருத்தர்கூட மாறவில்லை.

அப்போதுதான் உறைத்தது. இவர்கள் கண்ணால் படிக்கவில்லை, கையால் படித்திருக்கிறார்கள். ஒரு வருஷப் பாடமும் நாலு விரல் தள்ளி மனசில் பதிந்திருக்கிறது.

முதலில் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தேன். பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள். பிறகு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. திண்டிவனம் போர்டு ஒழுங்கான போர்டாகத்தான் இருக்கும். சேகர் முன்னால் இதுகள் விழுப்புரத்தைக் கேரளாவுக்கு அனுப்பினால் என் கதி?

த.ஆ.விடம் சொன்னேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இத வெளில யார்கிட்டயும் சொல்லாத ஜோதி." பிறகு அவரும் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் பல்லை இன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

பகல் முழுக்க பேப்பர் மேப். "கை போற எடம் வாணாம். கண்ணு பாக்கற எடம்." தொண்டை கட்டிவிட்டது. மோனிஷா சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். விரலை வைப்பதற்கு முன்னால் ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படிக்கிறாள், பிறகுதான் தொடுகிறாள். லோகேஷுக்கு நாலில் மூன்று தடவை சரி.

மூன்று மணிக்கு யார் வந்தது? மெக்கானிக்! இத்தனை நாள் வராத மனுஷன். நாலு மூலையிலும் கூட்டல் குறி வர வைத்தார், ஒவ்வொன்றாகத் தொட்டார், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. இதற்குத்தானா இவ்வளவு மாதம்? திட்ட வாயெடுத்தேன், பாவம், முகத்தைப் பார்த்தால் சாப்பிடாத மாதிரி இருந்தார். மிச்சம் இருந்த கலவை சாதம் கொடுக்கச் சொன்னேன்.

சரியான போர்டில் ஒத்திகை. பழைய கை உடனே திரும்பி வந்துவிட்டது. லோகேஷ் தொட்டான், தப்பு. மறுபடி தொட்டான், தப்பு. கோபம் வந்துவிட்டது.

"இப்பதான் மிஸ் போர்டு கோணலா இருக்குது!"

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

நாளைக்கு: வாட்டர் பாட்டில் 5, அடையாள அட்டை, த.ஆ. கேட்ட மோர் மிளகாய் தி.வனத்தில் வாங்கணும், வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு எலுமிச்சம்பழம். வெள்ளைப் புடவை வேண்டாம்.

பிப்ரவரி 6, வெள்ளி

கால் விண் விண் என்று வலிக்கிறது. எழுதாமல் தூங்க முடியாது.

பஸ்ஸில் பிள்ளைகள் ஜன்னலை விடவில்லை. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, ஒவ்வொரு ஊருக்கும் லோகேஷ் கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்தான். உண்மையான கண்டக்டர், "தம்பி, டிக்கெட்டும் நீயே குடுத்துடு" என்றார். சேகர் பின்னால் உட்கார்ந்து வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் போன். பழக்கதோஷம், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்குகிறவர்களை எண்ணினார்.

எங்கள் முறை பதினொன்றரைக்கு மேல். ஹால் நிறைய டீச்சர்கள். எங்களுக்கு முன்னால் வந்த பள்ளி ஆறுகளை நீலமாக ஓட விட்டது, பாட்டு வேறு. கை தட்டல் அடங்கவில்லை.

பார்வையிட வந்த அதிகாரி அம்மா, கண்ணாடிக்காரர், மென்மையான குரல். லோகேஷிடம் மும்பை கேட்டார். பயல் பதட்டத்தில் பழைய கையால் தொட்டான். மும்பை கடலில் விழுந்தது. ஹால் சிரித்தது. திரும்பி சேகரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லோகேஷ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். மோனிஷா அவன் பக்கத்தில் போய், "படிச்சிட்டுத் தொடுடா" என்றாள், மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. அவன் "மும்பை" என்று வாய்விட்டுப் படித்துத் தொட்டான். சரி. இந்தத் தடவை கை தட்டல். மற்ற மூன்று பேரும் தப்பில்லாமல் முடித்தார்கள்.

கடைசியில் அந்த அம்மா மோனிஷாவிடம், "உனக்குப் புடிச்ச ஏதாவது ஒண்ணு மேப்ல காட்டும்மா. அதப் பத்திச் சொல்லு" என்றார். இது ஒத்திகையில் இல்லை. காவிரியைக் காட்டுவாள், செஞ்சிக் கோட்டையைக் காட்டுவாள் என்று நினைத்தேன்.

அவள் படத்தைப் பெரிசாக்கிக்கொண்டே போனாள். கோலியனூர், தெரு, சிமெண்டு ஷீட் கூரை, மஞ்சள் ஆட்டோ.

"இது எங்க வூடு. இது எங்கப்பா வண்டி."

சிரிப்பு, நல்ல சிரிப்புதான்.

"எங்கத்த வூடு இந்த ஊர்லதான் இருக்குது. பக்கத்துலதான்னு எல்லாரும் சொல்றாங்க. இப்ப தேடறேன்."

படத்தைச் சிறிசாக்கினாள். திண்டிவனம் என்ற பெயர் இன்னும் வரவில்லை. இன்னும் சிறிசாக்கினாள். மெதுவாக, பாடம் ஒப்பிக்கிற குரலிலேயே சொன்னாள்:

"மொதல்ல ஆட்டோ போய்டுச்சி. இப்ப வூடு போய்டுச்சி. இப்ப தெருவே இல்ல. இதோ, திண்டிவனம் வந்துடுச்சி." விரலை வைத்துக் காட்டினாள். "அத்த ஊரு தெரிஞ்சா எங்க வூடு தெரியல. எங்க வூடு தெரிஞ்சா அத்த ஊரு தெரியல. ரெண்டும் ஒண்ணா வரவே மாட்டேங்குது."

போர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"மேப்புல அளவுன்னா இதான். நன்றி."

அழவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை. வணக்கம் வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "ரொம்ப சரி" என்றார். பரிசு எங்களுக்கில்லை, ஆறு ஓட விட்டவர்களுக்கு. போகட்டும்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் வெளியே போனபோது ஹாலில் சேகர் மட்டும். போர்டு எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"தொடலாமா டீச்சர்?"

தொடுங்கள் என்றேன். தடித்த விரல், ஆக்சிலேட்டர் முறுக்குகிற கை. பெரிசாக்கினார், வீடு வந்தது. சிறிசாக்கினார், திண்டிவனம் வந்தது, வீடு போனது. கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் சிறிசு. இரண்டையும் ஒரே சமயத்தில் பிடித்துவிடலாம் என்று பார்க்கிறார். மோனிஷா தட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"வராதுப்பா. நான் திங்கக்கெழமலேர்ந்து பாக்கறேன்."

அவர் விரலை எடுத்தார். "நீ சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். எனக்குப் பின் சீட்டில் அப்பாவும் பெண்ணும். விக்கிரவாண்டி தாண்டும்போது அவர் போன் எடுத்தார். அக்காவிடம்தான். அந்த அம்மாள் குரல் எனக்கே கேட்டது.

"யக்கா, அந்த சீட்டு வாணாம்னு சொல்லிடுக்கா. ...இல்லக்கா, காசு பிரச்சன இல்ல. ...நீ நல்லாப் பாத்துக்குவன்னு எனக்குத் தெரியாதா? தூரமா இருக்குதுக்கா, அதான்."

"தூரமாடா? ஒரு மணி நேரம்தானடா!"

"ஒரு மணி நேரம்தான்க்கா. நான் இல்லேங்கல. ஆனா எங்க வூடு தெரியற மாதிரி வச்சிப் பாத்தா, ரொம்ப தூரம்க்கா."