முப்பத்திரண்டாம் வருஷத்து ஆக்சில்

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று கௌஸ் பாயின் சட்டையைப் பிடித்துவிட்டேன். கீழக்கரைக்காரர், பட்டறைக்குப் பாகங்கள் வாங்கித் தருகிறவர், வயதில் மூத்தவர். இருந்தும் பிடித்தேன். எங்கள் அரபி முதலாளி அர்பாபின் 1930 ஃபோர்டுக்கு ஏதோ இந்தக் காலத்துப் பிக்கப்பின் பின் ஆக்சிலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்! நாலு சிலிண்டர் எஞ்சினில் கைவேலை செய்து வேகம் ஏற்றிய வண்டி. 1934-இல் ஒரு அமெரிக்க வாலிபன் தன் கொட்டகையில் எப்படிக் கட்டியிருப்பானோ அப்படியே இருக்க வேண்டும், டிசம்பர் கண்காட்சிக்குப் போக வேண்டும். அர்பாப் கேட்டது அவ்வளவுதான். அந்த வாலிபன் கைக்கு எட்டியது முப்பதின் ஆக்சில், அல்லது முப்பத்திரண்டின் ஆக்சில். முப்பது இந்த எஞ்சினுக்குத் தாங்காது. ஆக, முப்பத்திரண்டு. இதில் பேச என்ன இருக்கிறது?

"அந்தப் பழசுல சக்கரத்தைப் புடிச்சிருக்கறது ஒத்தைத் தண்டு, பாலகுரு. அது முறிஞ்சா சக்கரம் தனியாப் போயிரும். ஓட்டிப் பார்க்கப் போறது உன் அக்கா மாப்பிள்ளைதானே?" என்றார்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்று கத்தி, பிக்கப் ஆக்சில் மேல் சுத்தியலை ஓங்கிப் போட்டேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது.

செப்டம்பர் 27, சனி

முப்பத்திரண்டு வந்துவிட்டது. ஷார்ஜாவில் ஒருவரிடம் கிடந்ததாம். கௌஸ் பாயே கொண்டுவந்து இறக்கினார், என் முகத்தைப் பார்க்காமல். ஜெயித்தது நான்தான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அக்கா புருஷன் கார்மேகம் மச்சான் ஸ்பானர், ஜாக்கி, வெல்டிங் மெஷின் ஒன்றையும் விடவில்லை. குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து ஆக்சில் தண்டின் இரண்டு நுனியிலும் பட்டையாகத் தீட்டிவிட்டார். நுனி கூம்பு வடிவம். சக்கரம் மாட்டும் ஹப் அதைக் காய்ந்த இரும்பாகக் கவ்வ வேண்டும். எண்ணெய் பட்டால் பிடி நிற்காது, ஆடி ஆடித் தண்டே முறியும். துணியை எடுத்தேன்.

"சாமிக்கு வச்சதை இன்னைக்கே அழிக்காத மாப்ள."

சரி, நாளைக்குத் துடைக்கலாம்.

அக்டோபர் 4, சனி

ஹப் ஏற்றியாயிற்று. துடைக்கவில்லை. துணியும் கையுமாகத்தான் உட்கார்ந்தேன். அக்கா புருஷன் ஓட்டப்போகிற வண்டியில் பொட்டை அழிப்பதா? உமாராணி அக்காவின் நெற்றி கண்ணில் வந்து நின்றது. கை கூசியது. நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். போதும்.

அக்டோபர் 9, வியாழன்

வண்டி பறக்கிறது. மச்சான் மட்டும், "எடுக்கறப்ப பின்னாடி டக்குங்குது மாப்ள" என்கிறார்.

"பிரேக் கம்பி ஆடுது. பயந்தா எறங்குங்க, நான் வேற ஆளைப் பாக்குறேன்."

அவர் இறங்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

சக்கரம் தனியாப் போச்சு. ஐயோ. அர்பாபின் பண்ணைச் சாலையில், என் கண் முன்னாடி. வண்டி ரெண்டு தரம் புரண்டு மச்சான் கால் மேலேயே விழுந்தது. அவர் கத்தின கத்து — நானும் கௌஸ் பாயும் வெறுங்கையால் தூக்கினோம். மணலெல்லாம் ரத்தம். ஒருத்தன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் மூக்கு உடைகிற வரைக்கும் அடித்தேன். யாரோ இழுத்துப் போட்டார்கள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு கௌஸ் பாய் அந்தச் சக்கரத்தைத் தேடி உருட்டி வந்தார். முறிந்த நுனி ஹப்புக்குள்ளேயே ஆடிக்கொண்டு இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. விரலால் தொட்டார், முகர்ந்தார், என்னை ஓங்கி அறைந்தார். நான் திருப்பி அடிக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான், "பொட்டு வச்சது நான். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்லடா?" என்றார்.

"தெரியும் மச்சான்."

கஞ்சி பிளாஸ்க் நேரே நெற்றியில் வந்து விழுந்தது. புருவத்தில் நாலு தையல். இன்னொன்று எறிந்திருக்கலாம்.

நவம்பர் 24, திங்கள்

அர்பாபுக்கு வண்டி வேண்டும், அதுவும் முப்பத்திரண்டோடுதான். நசுங்கினதை நிமிர்த்தி, புதுத் தண்டு போட்டுக் கூம்பைத் தின்னரால் துடைத்து, காயவிட்டு ஏற்றினேன். ஒரு குறையும் இல்லை, சத்தியமாக இல்லை. மச்சான் ஊன்றுகோலோடு டாக்ஸியில் வந்து இறங்கினார்.

"ஏறு. ஓட்டு."

ஏறினேன். ஸ்டார்ட்டரை மிதிக்கக் கால் வரவில்லை. தொடை நடுங்கியது. அவர் ஊன்றுகோலால் முன்கண்ணாடியை அடித்தார். ஒன்று, இன்னொன்று, கண்ணாடி என் மடி முழுக்கக் கொட்டியது.

"என்னைய ஏத்தும்போது ஏன்டா நடுங்கல?"

கௌஸ் பாய்தான் அவரைப் பிடித்து நிறுத்தினார்.

நவம்பர் 28, வெள்ளி

மச்சானை ஊருக்கு அனுப்பினோம். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியின் பிடியில் கை வைத்தேன்.

"நீ தள்ளாத. நீ தொட்ட சக்கரத்துல நான் போக மாட்டேன்."

கையை எடுத்துக்கொண்டேன். கௌஸ் பாய் தள்ளிக்கொண்டு போனார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.