கடைசிப் படகுக்கு முன் ஒரு நன்றியுரை

கையில் ஒடியல் மணம் இன்னும் போகவில்லை. தேசிக்காய் தேய்த்துப் பார்த்தேன், சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன். மூக்கருகே கொண்டுபோனால் அப்படியே நிற்கிறது. மகன் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுழித்துக்கொண்டு ஓடினான். பிடிக்காதவர்களுக்கு அது நாற்றம், எனக்கு அது உம்முடைய மணம். இன்றைக்கு மண்கும்பான் கடற்கரையில் பெரிய கிடாரம் வைத்துக் கூழ் காய்ச்சினோம். காய்ந்த பனங்கிழங்கை இடித்து எடுத்த ஒடியல் மாவை ஊறவைத்துக் கரைத்துக் கிடாரத்தில் ஊற்றி அகப்பையைப் பிடித்தபோதே, இன்று உமக்கு எழுதாமல் படுக்கப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

உம்மை நீர் என்றுதான் எழுதுவேன். சிநேகிதம் முற்றினால் நீ, வாடி, போடி என்று இறங்குவது வழக்கம். நாங்கள் இரண்டு பேரும் ஏனோ இறங்கவேயில்லை. போட்டிக்காரர்களாகச் சந்தித்தோம், அந்த மரியாதை அப்படியே ஒட்டிக்கொண்டது. ஏசும்போதுகூட, "நீர் ஒரு விசரி" என்றுதான் ஏசுவீர்.

அந்தப் போட்டியை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் தீவுக்காரர்கள் ஒரு சங்கம் வைத்து, தீவகத்துக்கு ஓர் இளையோர் தூதுவரைத் தெரிவுசெய்யப் போவதாக அறிவித்தார்கள். போட்டியிடுகிறவர்கள் தோளில் குறுக்காக ஒரு நீலப் பட்டி போட்டுக்கொண்டு, ஊர் ஊராக நடக்கும் நிதி சேர்க்கும் நிகழ்வுகளில் தொண்டு வேலை செய்யவேண்டும். கடைசியில் தெரிவாகிறவர் தன் ஊருக்கு வேண்டிய ஒன்றைக் கேட்கலாம், சங்கம் அதைச் செய்துகொடுக்கும். வேலணையில் இருந்து நான் போனேன். எங்கள் வாசிகசாலைக்குக் கணினி கேட்கப் போவதாகச் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குப் பட்டியோடு படம் எடுத்துக்கொள்ளத்தான் ஆசை. நெடுந்தீவில் இருந்து நீர் வந்தீர்.

முதல் நிகழ்வும் இதே மண்கும்பானில்தான், இதே கூழ்தான். இருதய சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு சின்னப் பிள்ளைக்காக நடந்தது. நாங்கள் எல்லோரும் சேலை கட்டி, பட்டி மடிப்புக் குலையாமல் வந்து நின்றோம். நீர் காலைப் படகில் வந்திருந்தீர். பாவாடைக் கரையில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. வந்ததும் வராததுமாகப் பட்டியைக் கழற்றிப் புகைக்குத் தலையில் கட்டிக்கொண்டு, கிடாரத்தடியில் நின்ற அம்மாமாரிடம் அகப்பையைக் கேட்டு வாங்கினீர்.

"பட்டியில கரி பிடிக்கப் போகுது" என்றேன்.

"பிடிக்கட்டும். மா கட்டி பட்டால் ஆக்கள் கூழைக் குடிக்காயினம். பட்டியைக் குடிக்கிறேல்லைத்தானே" என்றீர். அந்த நிமிடமே எனக்கு உம்மைப் பிடித்துவிட்டது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

நண்டு, இறால், மரவள்ளி, பயத்தங்காய் எல்லாம் வெந்து, மாவும் சேர்ந்து கூழ் தடித்து வந்த நேரம் பின்னேரமாகிவிட்டது. பிரதம விருந்தினர் அப்போதுதான் வாகனத்தால் இறங்கினார். படம் எடுக்கிறவர் எங்களை வரிசையாக நிற்கச் சொன்னார். நீர் அகப்பையை என் கையில் தந்தீர்.

"நான் வெளிக்கிடுறன். கடைசிப் படகு போயிடும்."

"ஒரு படத்துக்கு நில்லுமன்."

"ஏலாது. இந்த பஸ்ஸை விட்டால் குறிகட்டுவான் துறையிலதான் படுக்கை."

நீர் காய்ச்சிய கூழை நீரே ஒரு வாய் குடிக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடிப்போய் பஸ்ஸை மறித்தீர். அதற்குப் பிறகு விளக்கேற்றினார்கள், பேசினார்கள், பரிமாறினார்கள். நன்றியுரையில் எங்கள் எல்லோருடைய பெயரும் வந்தது. உம்முடையதை விட்டுவிட்டார்கள். ஆள் முன்னால் நிற்காதபடியால் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிறகு நடந்த எல்லாம் அப்படியேதான். புங்குடுதீவில், ஊர்காவற்றுறையில், எங்கே வைத்தாலும் பின்னேரம்தான் வைப்பார்கள். வெயில் தணிந்து, வேலைக்குப் போன சனம் வீடு வந்து சேரவேண்டும் அல்லவா. அதில் பிழை சொல்லவும் முடியாது. ஆனால் நெடுந்தீவுக்குப் போகும் கடைசிப் படகு அதற்கெல்லாம் காத்திருக்காது. எல்லோருக்கும் முதல் வந்து, பந்தல் கட்டி, வெங்காயம் உரித்து, சட்டி கழுவிவிட்டு, நிகழ்ச்சி தொடங்கும்போது நீர் பஸ்ஸில் மடத்துவெளி தாண்டித் துறைக்குப் போய்க்கொண்டிருப்பீர்.

கரம்பொனில் ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் வேப்பமர நிழலில் இருந்து வெங்காயம் உரித்தோம். ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டு வருகிறீர், படம் இல்லாவிட்டால் தெரிவாக மாட்டீர் என்று நான் நாக்கை அடக்காமல் கேட்டேன். நீர் உரித்துக்கொண்டே சொன்னீர்.

"அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்தது தெரியும்தானே. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகத் துறையடிக்குக் கொண்டு வந்தம். படகு வரப் பிந்திப்போச்சு. பிளாஸ்டிக் கதிரையில இருத்தி, அம்மா சீலைத் தலைப்பால வெயிலை மறைச்சுக்கொண்டு நிண்டவ. வாய் கோணி வீணி வடியுது. எங்கட தீவுக் காட்டுக் குதிரையளைப் பாக்க வந்த ஆக்கள் எல்லாம் அப்பாவையும் பாத்துக்கொண்டு நிண்டவை. அவர் சரியான ரோசக்காரன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வெயிலாலை எண்டுதான் எல்லாரும் நினைச்சினம்."

இன்னொரு வெங்காயத்தை எடுத்தீர். "அந்தத் துறையடியில எனக்கு ஒரு கூரையும், ஒரு பக்க மறைப்பும், படுக்க ஒரு கட்டிலும் வேணும். வேற ஒண்டும் வேண்டாம்" என்றீர். எங்கள் வாசிகசாலைக் கணினியைப் பற்றி அதற்குப் பிறகு நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

கடைசி நிகழ்வுக்கு முன் சங்கத்தின் உள்ளூர்ச் செயலாளர் எங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார். நீர் அன்றைக்கும் படகுக்குப் போய்விட்டீர். அவர் நல்ல மனிதர், செயலாளர் அண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "நெடுந்தீவுப் பிள்ளையின்ரை முகம் ஒண்டிலயும் இல்லையே. ஈடுபாடு காணாது போல. அவவை விடுவமோ?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

"அண்ணை, மண்கும்பானில நீங்கள் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிக் குடிச்ச கூழ் ஆர் காய்ச்சினது?"

அவர் முழித்தார். "அம்மாமார்..."

"அவதான் காய்ச்சினவ. நீங்கள் வரேக்கை அவ பஸ்ஸுக்கை. கடைசிப் படகு எத்தினை மணிக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்று தலையாட்டினார். மற்றவர்களைக் கேட்டார், ஒருவருக்கும் தெரியவில்லை. தீவார் என்று நாங்கள் எல்லோரும் மார்தட்டுகிறோம், பாலம் போட்ட தீவில் இருக்கிற எங்களுக்குப் படகு நேரம் எதற்கு? செயலாளர் அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைசி நிகழ்வை நெடுந்தீவிலேயே வைப்போம் என்றார்.

அங்கே நீர் செய்ததை இன்றைக்கும் ஊரில் கதைப்பார்கள். உங்கள் மாதா கோயில் முன்றலில் மத்தியானச் சாப்பாடு. செயலாளர் அண்ணை வழக்கம்போல நிகழ்ச்சி நிரல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். விளக்கு, வரவேற்பு, அந்த உரை, இந்த உரை, எல்லாவற்றுக்கும் கடைசியில் நன்றியுரை. அதை உமக்குத் தந்திருந்தார். நீர் வாசித்துவிட்டு, "அண்ணை, இதை முதல்ல வைப்பம்" என்றீர்.

"தொடங்க முன்னமே நன்றியோ? ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். கடைசியில வைச்சால் கேக்க வேண்டிய ஆக்கள் சட்டி கழுவிக்கொண்டு நிப்பினம். நீங்கள் படகுக்கு ஓடிக்கொண்டு நிப்பியள்."

ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நீர் நன்றி சொல்லத் தொடங்கியபோது சனம் சிரிக்கத்தான் செய்தது. நீர் நிறுத்தவில்லை. பால் தந்தவர், விறகு ஏற்றி வந்த உழவு இயந்திரக்காரர், மீனை வெட்டித் தந்தவர்கள், கிடாரங்களைப் பக்குவமாக இறக்கிய படகுக்காரப் பெடியள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொன்னீர். பிறகு சமையல் கொட்டிலுக்குள் நின்ற பெண்களின் பெயர்கள். ஒரு அம்மா கையில் அகப்பையோடு வெளியே வந்தார். அவர் பின்னால் இன்னொருவர், அதற்குப் பின்னால் மாவுக் கையோடு இன்னொருவர். தங்கள் பெயரை ஒலிபெருக்கியில் ஒரு நாளும் கேட்டிராத பெண்கள் அவர்கள். ஒருவருக்கொருவர் தோளில் இடித்துக்கொண்டு வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். சனத்தின் சிரிப்பு எப்போது கைதட்டலானது என்று எனக்குத் தெரியாது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

நீர் சொன்னபடியே, பிரதம விருந்தினர் பேசி முடிக்க முதலே நாங்கள் துறையடிக்கு ஓடினோம். போனால் படகு வரவில்லை, கடலில் கொஞ்சம் அலை அடிப்பு. செயலாளர் அண்ணை சுடுகிற சீமெந்துக் கட்டுமேலே குந்தி, கைலேஞ்சியைத் தலையில் விரித்துக்கொண்டு, "இந்த வெயிலுக்கை ஆசுபத்திரிக்குப் போற வருத்தக்காரரை எப்பிடி வைச்சிருக்கிறியள்?" என்றார். நீர் என்னைப் பார்த்தீர், நான் சிரிப்பை அடக்கி வாயைப் பொத்திக்கொண்டேன்.

நீர் தெரிவான செய்தியும் உமக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. வேலணையில் வைத்து வெளிச்சத்தோடு அறிவிப்பதாகத்தான் திட்டம். பிரதம விருந்தினர் இந்தமுறையும் பிந்தினார், நீர் இந்தமுறையும் போய்விட்டீர். உம்முடைய பெயரைக் கூப்பிட, நான் போய்ப் புதுப் பட்டியை வாங்கினேன். தீவகத்தின் முதலாவது இளையோர் தூதுவர் என்று அவர்கள் போட்ட படத்தில் இளித்துக்கொண்டு நிற்பது நான். உடனே உமக்கு அழைத்தேன்.

"உமக்குக் கிடைச்சிட்டுது!"

"என்ன? கேக்கேல்லை, இஞ்சின் சத்தம்!"

"கூரை! கூரை கிடைச்சிட்டுது!"

பக்கத்தில் இருந்தவர்களிடம் நீர் கத்தியது கேட்டது. படகில் இருந்த சனம் எல்லாம் சேர்ந்து கூவியது.

கூரை வந்தது, மறைப்பும் கட்டிலும் வந்தன. உம்முடைய அப்பா அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். பார்த்துவிட்டுத் தலையை ஒருபக்கமாக ஆட்டினார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அந்தக் கட்டிலில் நீர் படுப்பீர் என்று அன்றைக்கு யார் நினைத்தது?

உம்முடைய சிறுநீரகம் பழுதாகி, நிலைமை மோசமானபோது உம்மைப் பார்க்க நெடுந்தீவுக்கு வந்திருந்தேன். மறுநாள் காலையே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும்படி ஆனது. துறையடியில் உம்மைக் கட்டிலில் கிடத்தினோம். முகம் வீங்கிக் கண் சிறுத்துக் கிடந்தது. மறைப்புக்கு அந்தப் பக்கம் சனம் நின்றது, ஒருவருக்கும் உம்மைத் தெரியவில்லை. நீர் மேலே கூரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்.

"கட்டில் கொஞ்சம் உயரம் கூடிப்போச்சு. அப்பவே சொல்லியிருக்கோணும்" என்றீர்.

"வாயை மூடிக்கொண்டு படும்."

"நிழல் வடிவா விழுது, என்ன?"

"ஓம், வடிவா விழுது" என்றேன். முகத்தை மறுபக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்தேன். நீர் என் கையைத் தட்டிக்கொடுத்தீர். வருத்தக்காரர் நீர், தேற்றியதும் நீர்.

அந்த முறை நீர் உயிரோடு திரும்பி வரவில்லை. உம்முடைய அடக்கத்துக்கு வந்தேன். கோயிலில் பூசை முடிந்து, முன்றலில் உரைகள் தொடங்கின. செயலாளர் அண்ணை பேசினார், பாதியில் நிறுத்திவிட்டார். என்னையும் பேசச் சொல்லியிருந்தார்கள், என் முறை கடைசி. வீட்டில் மகன் அப்போது பால்குடி. உம்முடைய அம்மா பெட்டியடியில் இருந்து எழும்பி வந்து, அவ்வளவு அழுகைக்குள்ளும் என் தோளைப் பிடித்து, "பிள்ளை, நீ வெளிக்கிடு. படகு போயிடும்" என்றார். உம்மை அடக்கம் செய்யச் சேமக்காலைக்குத் தூக்க முதலே நான் துறையடிக்கு ஓடினேன். படகில் இருந்து பார்த்தபோது கோயில் மணி மட்டும் கேட்டது. முடிவுவரை நிற்க முடியாமல் ஓடுவது என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நீர் அதை ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு செய்தீர்.

இப்போது இந்த நிகழ்வுகளை ஒழுங்குசெய்கிறவள் நான். நாள் குறிக்கும்போது முதலில் படகு நேரத்தைக் கேட்பேன். பிறகு நன்றியுரையைத் தொடக்கத்தில் போடுவேன். புதிதாக வருகிறவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்தித் தருவார்கள், நான் திரும்பவும் மேலே ஏற்றுவேன்.

இன்றைக்கு மண்கும்பானில் ஒலிவாங்கியைப் பிடித்து, எல்லோருக்கும் முதல் உம்முடைய பெயரைச் சொன்னேன். கூழுக்கு நன்றி, கூரைக்கு நன்றி என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அடக்கத்தன்று சொல்லாமல் விட்டதும் அவ்வளவுதான். மற்றப் பெயர்களையும் சொல்லி முடிய, கிடாரத்தடியில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். அவர்களில் ஊருக்குப் புதிதாக வந்த ஓர் அம்மா, அகப்பையைப் பிடித்தபடி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"முதல் சொன்ன பிள்ளை எங்கை? முன்னுக்கு வரச் சொல்லுங்கோவன், பாப்பம்" என்றார்.

"அவ படகுக்குப் போயிட்டா, அம்மா" என்றேன்.