தொடர்பற்ற காலம்

மார்ச் 4, செவ்வாய்

டெண்டர் ஆவணம் ஒருவழியாக முடிந்தது. இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம். அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளின் பதிவுகளை வைத்துக்கொள்ளப் புதிய கணினித் திட்டம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் பழைய கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில், அந்தப் பதிவுகள் யாருக்குச் சொந்தம் என்று ஒரு வரிகூட இல்லை. அப்போதிருந்த சட்ட ஆலோசகர் கோட்டை விட்டுவிட்டார். இன்று ஒரு நோயாளியின் இரத்த வகை வேண்டுமென்றாலும் அந்தக் கம்பெனியிடம் கெஞ்சவேண்டும். இந்த முறை இருபத்திரண்டாம் விதியை நானே எழுதினேன்: பதிவு அத்தனையும் அரசுடையது, போகிறவர்கள் ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டும். நான்கு தடவை படித்தேன். எலி நுழையக்கூட இடமில்லை.

மாலை ஏழு மணிக்குத் தம்பி, வழக்கம்போல. ஆபீசிலிருந்து வீட்டுக்குக் கார் ஓட்டும் நாற்பது நிமிடமும் பேசுவான். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பேன், காய் நறுக்குவேன். அவனுக்கு டிராபிக், எனக்குத் துணை. இன்று முழுக்க முதுகுவலிப் புராணம்.

மார்ச் 10, திங்கள்

தம்பி ஒரு மென்பொருள் கம்பெனியில் டெண்டர் எழுதும் பிரிவுக்குத் தலைவன். இந்தத் திட்டத்துக்கு அவர்கள் போட்டி போடாமல் இருக்கமாட்டார்கள். ஒரு வாரமாகத் தெரியாத மாதிரி இருந்தேன். இன்று இயக்குநரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவர் படித்துவிட்டு, "நீங்க மார்க் போடப் போறதில்ல, சட்ட விஷயம் மட்டும்தானே பாக்கறீங்க? உங்களை விட்டா எனக்கு வேற வக்கீலும் இல்ல" என்றார். அப்படியானால் தொடர்பற்ற காலம் எனக்கும் பொருந்தும் என்று உத்தரவில் எழுதுங்கள் என்றேன். அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை, போட்டியிடும் கம்பெனி ஆட்களோடு எந்தப் பேச்சும் கூடாது.

"கூடப்பொறந்தவன்கிட்ட நல்லா இருக்கியான்னு கேக்கறதுகூடவா?"

அதுவும்தான். விதியை எழுதியவளே நான். சொந்தச் செலவில் சூனியம்.

மார்ச் 11, செவ்வாய்

நாளை அறிவிப்பு. தம்பியிடம் சொன்னேன். எத்தனை நாள் என்றான். தொண்ணூறு என்றேன்.

"அக்கா, ஜெயில்லகூட வாரத்துக்கு ஒரு தடவை பாக்க விடுவாங்க."

சிரித்தோம். அப்புறம் அவன் வீடு வந்துவிட்டது. காரை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை.

மார்ச் 12, புதன்

ஏழு மணிக்குத் துணி மடிக்க உட்கார்ந்தேன். ஏழு பத்துக்கே முடிந்துவிட்டது. இத்தனை நாளாக நாலு புடவையை நாற்பது நிமிடம் மடித்திருக்கிறேன்.

மார்ச் 31, திங்கள்

கம்பெனிகளிடமிருந்து அறுபத்து மூன்று கேள்விகள். யார் கேட்டது என்று தெரியாதபடி பெயரை எடுத்துவிட்டுத்தான் கொள்முதல் பிரிவு என்னிடம் தரும். என் பதில்கள் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றாகப் போகும்.

நாற்பத்தேழாவது கேள்வி: பக்க எண் மேலே இருக்கவேண்டுமா, கீழே இருக்கவேண்டுமா?

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இப்படிக் கேட்க ஒருவனால்தான் முடியும். மூன்றாம் வகுப்பில் மார்ஜின் கோணலாகப் போய்விட்டது என்று முழு நோட்டையும் கிழித்தவன். "எங்கிருந்தாலும் சரி, வரிசை தப்பக்கூடாது" என்று எழுதினேன். எழுதிய பிறகு ஒரு உறுத்தல் — இது எல்லாக் கம்பெனிக்கும் எழுதிய பதிலா, அவனுக்கு எழுதியதா? அடித்துவிட்டு, "கீழே" என்று மட்டும் போட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

டெண்டர் திறப்பு. ஐந்து கம்பெனி ஆட்களும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலியில் தம்பி. இளைத்திருக்கிறான். கண்ணாடியை மாற்றிவிட்டான், இந்த பிரேம் அவன் முகத்துக்கு எடுக்கவேயில்லை. போகும்போது எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். அவனும், "வணக்கம், மேடம்."

சரியாகத்தான் செய்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பேன். அப்படியிருக்க ஏன் மத்தியானம் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை?

ஜூன் 9, திங்கள்

தொண்ணூறு நாளில் முடியவில்லை. மதிப்பெண் குழுவில் ஒருவர் விடுப்பு, ஒருவர் மாற்றல். இன்னும் அறுபது நாள் நீட்டிக்கும் கடிதத்தை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரைக் குறை சொல்ல?

ஜூன் 22, ஞாயிறு

இன்று வாய் திறந்து பேசியது இரண்டே தடவை. ஒன்று பால்காரரிடம். இன்னொன்று கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டபோது.

ஜூலை 14, திங்கள்

தம்பியின் கம்பெனிதான் முதலிடம். ஆட்சேபம் சொல்லப் பத்து நாள் அவகாசம். ஒன்பதாம் நாளான இன்று, மூன்றாவதாக வந்த பழைய கம்பெனி கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டது. காரணம்: துறையின் சட்ட ஆலோசகர், வென்ற கம்பெனி டெண்டர் தலைவரின் சொந்த அக்கா.

கேன்டீனில் என் மேஜையில் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். தட்டில் பாதி இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

தம்பியின் பிரமாணப் பத்திரத்தின் நகல் வந்தது. கோர்ட்டில் சத்தியம் செய்து அவன் தந்தது. ஒன்பதாம் பத்தியை அப்படியே எழுதிவைக்கிறேன்:

"மேற்படி சட்ட ஆலோசகர் பிறப்பால் என் சகோதரியே எனினும், எங்கள் தந்தை இறந்தபின் ஏற்பட்ட சொத்துத் தகராறு காரணமாகப் பல ஆண்டுகளாக எங்களுக்குள் எவ்வித உறவோ தொடர்போ கிடையாது."

என்னடா சொத்து? அப்பா வச்சிட்டுப் போனது ஒரு மர அலமாரி, ஒரு ஓட்டை சைக்கிள். அலமாரிய நான் வேணாம்னேன், நீயும் வேணாம்ன. அதுக்கா தகராறு? பல வருஷமாவா? மார்ச் மாசம் வரைக்கும் உன் முதுகுவலிய யாருடா கேட்டா?

இன்று இது போதும். நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

என் மேல் குற்றச்சாட்டு என்பதால் நானும் தனியாகப் பிரமாணப் பத்திரம் தரவேண்டும். இயக்குநர் கூப்பிட்டார்.

"அந்த ஒன்பதாம் பத்தி அவங்க பாடு. நீங்க ஆமான்னு சொல்ல வேணாம், இல்லன்னும் சொல்ல வேணாம். அதைத் தொடாம விட்டுடுங்க. கேஸ் பிசுபிசுத்துப் போயிடும். ஆஸ்பத்திரிக்கு சிஸ்டம் வந்துடும். உங்க தம்பி வேலையும் தப்பிக்கும்."

நல்ல மனுஷர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். சட்டக் கல்லூரியில் முதல் வருடப் பாடம். எனக்குத் தம்பியோடு உறவில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தம்பி மனைவி போன் செய்தாள். அவள் கம்பெனி ஆள் இல்லை. எடுத்தேன்.

"அண்ணி, அது கம்பெனி வக்கீல் எழுதினது. கையெழுத்துப் போடலன்னா வேலை இல்லன்னுட்டாங்க. அவரு ரெண்டு நாளா யாரோடயும் பேசல. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் அண்ணி, சும்மா இருந்தா போதும்."

பார்க்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு, அழைப்பு வந்த நேரம், பேசிய விஷயம் எல்லாம் குறிப்பெடுத்துக் கோப்புக்காக உறையில் போட்டேன். உறையை ஒட்டும்போதுதான் தோன்றியது — நான் என்ன மாதிரிப் பிறவி?

ஆகஸ்ட் 13, புதன்

எழுதிவிட்டேன்.

"ஒன்பதாம் பத்தி உண்மையல்ல. எங்களுக்குள் எக்காலத்தும் தகராறு இருந்ததில்லை. மார்ச் 11 வரை நாள்தோறும் மாலையில் ஏறத்தாழ நாற்பது நிமிடம் தொலைபேசியில் பேசிவந்தோம். அறிவிப்பு நாளுக்குப் பின் ஒருமுறைகூடப் பேசவில்லை." இயக்குநரிடம் கொடுத்த கடிதம், அவர் உத்தரவு, என் போன் பதிவுகள் எல்லாவற்றையும் இணைத்தேன்.

போன் பதிவு மூன்று வருடத்துக்கு. கட்டாக வந்தது. ஏழு மணி, நாற்பது நிமிடம். ஏழு ஐந்து, முப்பத்தெட்டு நிமிடம். பக்கம் பக்கமாக அவன் ஒரு நம்பர்தான். மார்ச் பதினொன்றுக்குப் பிறகு பேங்க், பால்காரர், காஸ் கம்பெனி, கடைசியில் ஒரு தடவை தம்பி மனைவி. மூன்று வருடத்தில் அவனைத் தவிர ஒருவரும் என்னோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியதில்லை. அச்சில் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. இனி பழைய கம்பெனி வக்கீலுக்கும் தெரியும்.

இதைக் கொடுத்தால் அவன் வேலை போகும். தெரிந்துதான் கொடுக்கிறேன். சட்டத்துக்காகக் கொடுக்கிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான். உறவே இல்லை என்று அவன் எழுதிய இடத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

தீர்ப்பு.

டெண்டரில் எந்தக் குறையும் இல்லை. உறவு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது, தொடர்பற்ற காலம் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. பழைய கம்பெனியின் மனு தள்ளுபடி. ஆனால் வென்ற கம்பெனி கோர்ட்டில் பொய்ச் சத்தியம் செய்ததால் அதன் விண்ணப்பமும் செல்லாது. வேலை இரண்டாம் இடத்துக் கம்பெனிக்கு. பொய்ச் சத்தியத்துக்காகத் தம்பி மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று தனியாக நோட்டீஸ்.

அப்படியானால் அந்தப் பொய்யே தேவைப்படவில்லை. "ஆமாம், என் அக்கா" என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஜெயித்திருப்பான்.

செப்டம்பர் 19, வெள்ளி

அவன் கம்பெனி போட்டியில் இல்லை. இனி எனக்குத் தடையும் இல்லை. ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

செப்டம்பர் 27, சனி

தினமும் கூப்பிட்டேன். இன்று தம்பி மனைவி எடுத்தாள். "வேலைய விட்டு அனுப்பிட்டாங்க அண்ணி. கொஞ்ச நாளைக்குப் போன் பண்ணாதீங்க." குரலில் கோபம்கூட இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை.

அவனுக்கு இப்போது ஏழு மணிக்கு டிராபிக்கும் கிடையாது.

அக்டோபர் 14, செவ்வாய்

புதுக் கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. இருபத்திரண்டாம் விதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இயக்குநர் எல்லாருக்கும் டீ சொன்னார். "இது உங்களோடது மேடம்" என்றார். கேன்டீனில் அந்த மூன்று பேரும் மறுபடி என் மேஜையில் உட்கார ஆரம்பித்திருக்கிறார்கள். என்ன பேசுவது என்றுதான் எனக்கு மறந்துவிட்டது.

நவம்பர் 5, புதன்

நாளை தம்பியின் நோட்டீஸ் விசாரணை. கோர்ட் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே, வக்கீல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "நேரில்" என்று இருக்கிறது. கம்பெனி வக்கீல் கழன்றுகொண்டார். எழுதிக் கொடுத்தவர் அவர், நிற்கப்போகிறவன் இவன்.

அவனுக்காக நான் ஒரு வரி எழுதக்கூடாது, ஒரு வார்த்தை வாதாடக்கூடாது. என் பத்திரத்தால்தான் இந்த நோட்டீஸே வந்தது. ஆனால் பக்கத்தில் உட்காரக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டேன். விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று.

நவம்பர் 6, வியாழன்

எச்சரித்து விட்டுவிட்டார்கள். நடவடிக்கை இல்லை.

படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டீர்களா என்று நீதிபதி கேட்டார். வக்கீல் மேல் பழி போட்டிருக்கலாம். போடவில்லை. "படிச்சேன் ஐயா. பொய்னு தெரிஞ்சுதான் போட்டேன்" என்றான். நீதிபதி பத்திரத்தை இன்னொரு தடவை புரட்டினார். பிறகுதான் மன்னிப்பை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். எட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அதற்கு முன் வராந்தாவில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். பெஞ்சின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான். நடுவில் யார் யாரோ வந்து உட்கார்ந்து போனார்கள். அவன் என் பக்கம் திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. சட்டையை அவனே இஸ்திரி போட்டிருக்கிறான், முதுகில் இரட்டை மடிப்பு.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனான். நானும் பின்னால் போனேன். சின்ன அறை. வாசலில் டவாலி கையை நீட்டித் தடுத்தார்.

"கேஸ்காரங்க மட்டும்தான்மா. நீங்க யாரு?"

என்ன சொல்வது? துறையின் சட்ட ஆலோசகர் என்றால் உடனே விடுவார். அடையாள அட்டை பையில்தான் இருந்தது. கை போகவில்லை. சும்மா நின்றேன்.

உள்ளே இரண்டடி போயிருந்தவன் நின்றான். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

"எங்க அக்கா. என்கூட வந்திருக்காங்க."

டவாலி கையை எடுத்தார். நான் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.