பின்னுக்குத் தள்ளிப் போட்ட சீட்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் உடம்பு, சாப்பாடு, வேலை எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சௌக்கியம், மனதளவில் எப்படி என்பதை இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று ஏதோ ஸ்க்ரூவைத் தேடுகிற மாதிரி நடிக்கிறார். நீ "அம்மாகிட்ட குடுங்க" என்பதும் அவர் "இரு, குடுக்கிறேன்" என்பதும்தான் போன விடுமுறைக்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசிக்கொண்ட மொத்தப் பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

உன் அப்பா புதுப்பிக்கிற அந்தப் பழைய காருக்கு வெளி வேலை எல்லாம் முடிந்து இப்போது உள் வேலை நடக்கிறது. நடக்கிறது என்றால் என் வீட்டுக்குள் நடக்கிறது. கார்பெட் துண்டுகள் சுருக்கம் போக வேண்டுமாம், அதனால் கூடத்தில் விரித்துப் போட்டு மேலே உன் பழைய பாடப் புத்தகங்களைப் பாரம் வைத்திருக்கிறார். டாஷ்போர்டுக்குப் புதுத் தோல் ஒட்டி அது சாப்பாட்டு மேசையில் காய்கிறது, நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். தோலை இளக்குவதற்கு என் ஹேர் டிரையர் போயிற்று. ஒட்டின ஓரங்கள் பிரியாமல் இருக்க என் துணி கிளிப்புகள் அத்தனையும் போயின, மாடியில் காயப்போட்ட போர்வை பறந்து எதிர்வீட்டுப் பல் டாக்டரின் வாசலில் கிடந்தது. அவர் அதை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சரி, எல்லாம் ஒரு தடவையோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. கார்பெட்டை ஒட்டி முடித்து, கன்சோலை மாட்டி, கைதட்டாத குறையாக என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், ஹார்னை அழுத்தினால் வைப்பர் ஓடுகிறது. வயரை முதலில் சரிபார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "பாத்தேனே" என்கிறார். எதைப் பார்த்தாரோ. மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, பசையைச் சுரண்டி, வீடு முழுக்க அந்த நெடி, எனக்கு இரண்டு நாள் தலைவலி. நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்க வந்த பெண்மணி என்னைப் பார்த்து, உங்களுக்குத்தான் கண் சிவந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன், நான் எழுத உட்கார்ந்தது சீட் விஷயம். ஓட்டுகிறவர் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துகிற தண்டவாளம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது, வேறு எதுவும் பொருந்தவில்லை. அதனால் ஒரே இடத்தில் போல்ட் போட்டு இறுக்கிவிடுவது என்று முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் உட்கார வைத்தார். "கால நீட்டு. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதானா?" என்று டேப்பைப் பிடித்து அளந்தார், கடைசியில் அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்து இன்னும் கொஞ்சம் தள்ளிக் கோடு போட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது, என் காலை எதற்கு அளக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை, குழம்பு அடுப்பில் இருந்தது. பிறகு சீட் தைக்கிறவர் வந்து பொருத்தும்போது, "சார், நீங்க ஓட்டுறதுன்னா நல்லா முன்னாடி தள்ளணும், இது உங்க காலுக்கு எட்டாது" என்று சொன்னாராம். "நான் கோடு போட்ட இடத்துலயே போடுங்க" என்று இவர் சொன்னாராம். கார்பெட்டை வெட்டி, அடித் தகட்டில் ஓட்டை போட்டு, இறுக்கியாயிற்று. இனி மாற்ற முடியாது, மறுபடி ஓட்டை போட்டால் துரு ஏறுமாம்.

போன வாரம் முதல் ஓட்டம். உன் அப்பா சோபாவிலிருந்து இரண்டு திண்டுகளை எடுத்து முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு, தெருமுனை வரை போய் வந்தார். பல் டாக்டர் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, "என்னங்க, சார் யாரோ மடியில உக்காந்து ஓட்டுற மாதிரி இருக்கே" என்றார். இவர் சிரிக்கவில்லை. ஷெட்டில் விட்டுவிட்டுத் திண்டுகளைத் திரும்ப சோபாவில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அப்போதுதான் நான் போய் அந்த சீட்டில் உட்கார்ந்தேன். என் காலுக்குக் கிளட்ச் பெடல் எட்டியும் எட்டாமல், ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி நின்றது. இந்த வீட்டில் என்னைவிட ஒரு கட்டைவிரல் நீளமான கால் யாருக்கு இருக்கிறது என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை, கொக்கே.

குளித்துவிட்டு வந்தவரிடம் நேராகவே கேட்டேன், அவளுக்காகத்தான் அங்கே போட்டீர்களா என்று. "சீட்டு எங்க சரியா உக்காருதோ அங்கதான் போட முடியும்" என்று துண்டால் காதைத் துடைத்துக்கொண்டார். அப்படியானால் அவளைக் கூப்பிட்டு விடுமுறைக்கு வரச் சொல்லுங்கள் என்றேன். "அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும். வந்தா வரட்டும்" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டாஷ்போர்டைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன், கனமாக இருந்ததால் பிழைத்தது. நீயும் லேசுப்பட்டவள் இல்லை. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அவரோடு சேர்ந்து கை நிறைய கிரீஸோடு அந்தக் காரைப் பிரித்துப் போட்டவளே நீதான், போன தடவை வந்து, "இந்தத் தகரத்த வித்துட்டு உருப்படியா ஒரு கார் வாங்குங்கப்பா" என்று சொன்னவளும் நீதான். "உங்கிட்ட யாரும் யோசனை கேக்கல" என்று அவர் சொன்னது தப்புத்தான். ஆனால் நீ சொன்னதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, அதை உன்னிடம் இதுவரை நான் சொல்லவில்லை. கார்பெட்டுக்கு அடியில் தடிமனாக ஒரு கம்பளி ஒட்டுகிறார்கள், எஞ்சின் சத்தம் உள்ளே வராமல் இருக்க. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உங்கள் இருவருக்கும் நடுவில் இத்தனை நாள் நான் செய்துவந்த வேலை இதுதானே என்று நினைத்தேன். அவர் கோபத்தை உன்னிடம் சொல்லாமல், உன் வருத்தத்தை அவரிடம் சொல்லாமல், வீடு அமைதியாக இருக்கிறது என்று நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்த வேலையை இன்றோடு விட்டுவிட்டேன்.

விடுமுறைக்குத் தோழிகளோடு மலைப்பக்கம் போகலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். போவதானால் போ, நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போ. உன்னைத் தவிர யாராலும் ஒழுங்காக ஓட்ட முடியாத ஒரு காரை உன் அப்பா செய்து முடித்திருக்கிறார், அதை உன்னிடம் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. நீ வரவில்லை என்றால் நான் ஓட்டக் கற்றுக்கொள்வதாக இருக்கிறேன், பயிற்சிப் பள்ளியில் விசாரித்தும் விட்டேன். எனக்கு ஒரு கட்டைவிரல்தான் குறைகிறது, தடித்த அடி வைத்த செருப்பு போட்டால் சரியாகிவிடும். உன் அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வரட்டும், அவருக்கு அது வேண்டியதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு தூங்காதே. எங்கே இருந்தாலும் நன்றாக இரு, என் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு. அடுத்த தடவை போன் செய்து அவர் எடுத்தால் என்னைக் கேட்காதே, ஹார்ன் அடித்தால் இன்னும் வைப்பர் ஓடுகிறதா என்று கேள், மற்றதை அவரே பேசுவார். வருவதானால் அந்தக் குதிகால் செருப்பை அங்கேயே வைத்துவிட்டு வா. அளவு வெறுங்காலில் எடுத்தது.

அலுத்துப்போன உன்
அம்மா